படபடப்புக்குப் பேச்சு மருத்துவம்: யாரைப் பார்ப்பது, எவ்வளவு ஆகும்?

நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, இந்த நிமிடமே உயிர் போய்விடும் போலிருக்கிறது. திருநெல்வேலி டவுணில் ஒருவர் இப்படிச் சொன்னால், வீட்டார் வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்டோ பிடிப்பார்கள். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், ரத்தப் பரிசோதனை எல்லாம் முடிந்ததும், "எல்லாம் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க" என்று மருத்துவர் அனுப்பிவைப்பார். அடுத்த மாதம் மறுபடியும் அதே படபடப்பு, மறுபடியும் அதே சோதனைகள்.

முதல் தடவை இதயத்தைச் சோதித்தே ஆக வேண்டும். தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அவை எல்லாம் சரியாக இருந்தும் படபடப்பு திரும்பத் திரும்ப வந்தால், அது பதற்ற நோயாக இருக்கலாம். "மனநல டாக்டரைப் பாருங்க" என்றால் "எனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று பலருக்குக் கோபம் வரும். 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. கூச்சத்தைத் தாண்டி வருகிறவர்களுக்கும் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன: யாரைப் பார்ப்பது? எவ்வளவு ஆகும்?

சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் தெளிவாகவே பதில் சொல்லலாம். இது தொடக்கமும் முடிவும் உள்ள சிகிச்சை. அதனால் செலவையும் முன்கூட்டியே திட்டமிட முடியும்.

அறைக்குள் என்ன நடக்கும்?

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் இந்தச் சிகிச்சையை உருவாக்கினார். மனச்சோர்வு உள்ளவர்களின் மனத்தில் தாமாகவே ஓடும் எண்ணங்கள் அவர்களுடைய உணர்வையும் நடத்தையையும் இழுத்துச் செல்வதை அவர் கவனித்தார். அந்த எண்ணத்தைப் பிடித்து, அது உண்மைதானா என்று செய்து பார்த்துச் சோதிப்பதே சி.பி.டி.

ரதவீதியில் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கூட்டத்தில் ஒருநாள் அவருக்குப் படபடப்பு வந்தது. "மாரடைப்பு வருது" என்று நினைத்தார். அந்தப் பயமே இதயத் துடிப்பை இன்னும் கூட்டியது. உடனே வீட்டுக்கு ஓடினார், படபடப்பு அடங்கியது. "ஓடி வந்ததால்தான் பிழைத்தேன்" என்று மனம் பாடம் படித்துக்கொண்டது. பிறகு கூட்டம், பஸ், கோயில் என்று ஒவ்வொன்றாகத் தவிர்க்க ஆரம்பித்தார். நோய் வளர்வது இந்தத் தவிர்ப்பில்தான்.

சிகிச்சையாளர் முதலில் இந்தச் சுழற்சியைத் தாளில் வரைந்து காட்டுவார். பிறகு இருவரும் சேர்ந்து பயங்களைப் படிப்படியாக அடுக்குவார்கள். சாயங்கால நெரிசலில் கடை வாசலில் பத்து நிமிடம் நிற்பது முதல் படி. அடுத்து வாகையடி முக்கு வரை தனியாக நடப்பது. அதற்கடுத்து பஸ்ஸில் ஈரடுக்கு மேம்பாலம் தாண்டி ஜங்ஷன் போய்த் திரும்புவது. கடைசிப் படி, ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் நிற்பது. ஒவ்வொரு படியிலும் படபடப்பு வரும். ஓடாமல் நின்றால் தானே தணியும். "வந்தது, ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பதை உடம்பே அனுபவித்துக் கற்றுக்கொள்ளும்.

இதில் பாதி வேலை வீட்டுப்பாடம். வாரம் ஒருமுறை 45 முதல் 60 நிமிடம் பேசுவதோடு நிறுத்திக்கொண்டால் பலன் குறைவு. பேசி ஆறுதல் பெறுவது நல்லதுதான், ஆனால் அது மட்டுமே சி.பி.டி. ஆகிவிடாது.

யாருக்கு என்ன தகுதி?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். போன்ற மேற்படிப்பு படித்தவர். நோயைக் கண்டறிவதும் மருந்து எழுதுவதும் அவர் வேலை. கூட்டம் மிகுந்த ஓ.பி.யில் ஒரு மணி நேரம் பேச அவருக்கு நேரம் இருக்காது.

மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலை முடித்தபின், மருத்துவமனைப் பயிற்சியோடு இரண்டாண்டு எம்.ஃபில். போன்ற படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர். ஆர்.சி.ஐ. எனப்படும் இந்தக் கவுன்சில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அதன் இணையதளத்தில் பதிவைச் சரிபார்க்கலாம். பதிவு எண் கேட்டால் யாரும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அதுவே ஒரு பதில்.

'கவுன்சலர்' என்று பலகை மாட்டியிருப்பவர்களில் நன்கு பயின்றவர்களும் உண்டு, சில நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கியவர்களும் உண்டு. பலகையை நம்பாமல் படிப்பையும் பயிற்சியையும் கேளுங்கள். பெரிய பட்டம் இல்லாதவரால் முடியவே முடியாது என்றும் எண்ண வேண்டாம். கோவாவில் நடந்து, 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் சி.பி.டி. குடும்பத்தைச் சேர்ந்த எளிய முறை ஒன்றைக் கடும் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு அளித்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. அவர்களுக்கு முறையான பயிற்சியும் தொடர்ந்த மேற்பார்வையும் இருந்தன என்பதே அதில் முக்கியம்.

முதலில் ஹைகிரவுண்டு

டவுண்காரர்களுக்குச் செலவில்லாத முதல் வாசல், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. காலை ஓ.பி.யில் சீட்டு வாங்கி மனநலப் பிரிவுக்குப் போகலாம். பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. சாதாரணக் கட்டண டவுண் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட்டும் இல்லை.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். "எனக்குப் பேச்சு சிகிச்சை தேவையா? இங்கே உளவியலாளர் இருக்கிறாரா? எந்தக் கிழமை வரணும்?" என்று கேளுங்கள். கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரையோடு முடிந்துவிடும்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி போன்ற ஊர்க்காரர்கள், மாவட்ட மனநலத் திட்டக் குழு தங்கள் பகுதி அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் வருகிறது என்று அங்கேயே விசாரிக்கலாம். மனநல மருத்துவரோடு உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரும் சேர்ந்ததே அந்தக் குழுவின் அமைப்பு. சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கப்படுபவர்கள் தங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம்.

14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. முழு சி.பி.டி. இதில் கிடைக்காவிட்டாலும், எங்கே போகலாம் என்று வழிகாட்டுவார்கள்.

தனியாரிடம் போனால்

ஒரு அமர்வுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் மூன்றாவது வாரம் பணம் தீர்ந்து பாதியில் நிற்க வேண்டிவரும். முழுச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். மேலே பார்த்த கடைக்காரருக்கு வந்தது போன்ற பீதி நோய்க்கான சி.பி.டி. மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் இருந்தால் போதும் என்கிறது பிரிட்டனின் 'நைஸ்' வழிகாட்டி. மனச்சோர்வுக்குப் பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் வரை ஆகலாம். திரும்பத் திரும்பக் கை கழுவுவது போன்ற ஓ.சி.டி. தொல்லைகளுக்கும் கூடுதல் நேரம் தேவைப்படலாம்.

உதாரணமாக, ஒரு அமர்வுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 அமர்வுக்கு 9,600 ரூபாய். முதல் எட்டு அமர்வுகளை வாரம் ஒன்றாகவும், மீதி நான்கை இரண்டு வாரத்துக்கு ஒன்றாகவும் வைத்தால் ஏறக்குறைய நான்கு மாதம் ஓடும். மாதச் சராசரி 2,400 ரூபாய். முதல் இரண்டு மாதம் கூடுதலாகவும் பிறகு குறைவாகவும் ஆகும்.

கட்டணத்தைக் குறைக்கக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். வருமானத்துக்கு ஏற்பக் குறைப்பார்களா, குழுச் சிகிச்சை உண்டா, மூத்தவர் மேற்பார்வையில் பயிற்சி மாணவர் பார்ப்பாரா என்றும் கேட்கலாம். வீட்டுப்பாடத்தை ஒழுங்காகச் செய்வது நல்ல சிக்கனம். செய்யாமல் போனால் அடுத்த அமர்வில் பழைய பாடத்துக்கே மறுபடி பணம் கட்ட வேண்டிவரும்.

காப்பீடு கைகொடுக்குமா?

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, உடல்நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு ஆணையிடுகிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் தங்கினால்தான் பணம் தரும். சி.பி.டி.யோ வந்து போகும் சிகிச்சை. உங்கள் பாலிசியில் ஓ.பி.டி. செலவு சேர்ந்திருக்கிறதா, அதில் உளவியலாளர் கட்டணம் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மனநல மருத்துவரின் பரிந்துரைக் கடிதமும், பதிவு எண்ணோடு கூடிய ரசீதும் கையில் இருக்கட்டும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

- உங்கள் படிப்பு என்ன, ஆர்.சி.ஐ. பதிவு எண் என்ன?
- சி.பி.டி. பயிற்சி எங்கே பெற்றீர்கள்? என் பிரச்சினையைப் பார்த்த அனுபவம் உண்டா? (சிலர் நுண்ணறிவுச் சோதனை போன்ற மதிப்பீடுகள் மட்டுமே செய்வார்கள்.)
- ஏறத்தாழ எத்தனை அமர்வுகள்? வீட்டுப்பாடம் உண்டா?
- வர முடியாமல் போனால் கட்டணம் உண்டா?
- நான் சொல்வதை யாரிடம் சொல்வீர்கள்?

கடைசிக் கேள்வி டவுணில் முக்கியம். தெருவுக்கு நாலு சொந்தக்காரர் இருக்கிற ஊர் இது. ரகசியம் காக்கப்படுவது உங்கள் உரிமை என்று அதே 2017 சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் மட்டுமே விலக்கு.

"அஞ்சே நாளில் குணம்" என்று உறுதி கொடுப்பவர், மொத்தப் பணத்தையும் முதல் நாளே கேட்பவர், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீடியோ வழியாக

உள்ளூரில் தகுந்தவர் கிடைக்காவிட்டால் மதுரை, சென்னை, பெங்களூரில் இருப்பவரிடம் வீடியோவில் சிகிச்சை பெறலாம். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வீடியோ வழி சி.பி.டி. நன்றாகவே பலன் தருகிறது. தமிழில் பேசுபவராகப் பாருங்கள். பயத்தைத் தாய்மொழியில் சொல்வதுதான் எளிது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டில் தனியிடம் கிடைப்பது கடினம் என்றால் மொட்டை மாடியோ, கடை திறக்கும் முன் கடையோ உதவும். இயர்போன் கட்டாயம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

சாக வேண்டும் என்ற எண்ணம், வேறு யாருக்கும் கேட்காத குரல் கேட்பது, நாள்கணக்கில் தூக்கமில்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகம், குடியை நிறுத்தியதும் கை நடுக்கமும் குழப்பமும் ஆகியவற்றுக்கு முதலில் தேவை மருத்துவர். 108க்கு அழையுங்கள் அல்லது அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே சட்டம் கருதுகிறது. வழக்குக்குப் பயந்து ஒளிக்க வேண்டாம்.

பலன் தெரிகிறதா?

மனச்சோர்வுக்கு 'பி.எச்.கியூ-9', பதற்றத்துக்கு 'ஜி.ஏ.டி-7' என்ற சிறு கேள்வித்தாள்கள் உண்டு. முதலாவதில் அதிகபட்ச மதிப்பெண் 27, இரண்டாவதில் 21. குறையக் குறைய நல்லது. முதல் நாளும், பிறகு சில வாரத்துக்கு ஒருமுறையும் நிரப்பித் தேதியோடு நோட்டில் குறித்துவையுங்கள். எங்கெல்லாம் போக முடிந்தது, எதைத் தவிர்த்தீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆறாவது அமர்வுக்குள் மதிப்பெண்ணும் அசையவில்லை, நடமாட்டமும் கூடவில்லை என்றால் சிகிச்சையாளரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். முறையை மாற்றலாம், மருந்து சேர்க்கலாம், ஆளையும் மாற்றலாம். நல்ல சிகிச்சையாளர் அதை மனக்குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். மாற்றம் தெரிந்தாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். படபடப்பு திரும்பினால் என்ன செய்வது என்று கடைசி அமர்வுகளில்தான் சொல்லித்தருவார்கள். அதைக் கற்றவருக்கு அடுத்த தடவை படபடக்கும்போது ஆட்டோ தேவைப்படாது.