கொழும்பு பக்கத்தில்தான்… கப்பல்தான் இல்லை!

பாஞ்சாலங்குறிச்சியில் கட்டபொம்மன் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள், அப்படியே பக்கத்தில் இருக்கும் ஒட்டப்பிடாரத்துக்கும் ஒரு நடை போய் வருகிறார்கள். கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. பிறந்த ஊர் அது.

கரிசல் காட்டில் பிறந்த அந்த மனிதர் கப்பல் விட்டது எந்த ஊருக்கு? கொழும்புக்கு!

திடீரென்று நாலு நாள் லீவு கிடைத்தால் வெளிநாடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சிங்கப்பூர், துபாய் என்று கணக்குப் போடுகிறார்கள். தூத்துக்குடியிலிருந்து 152 கடல் மைலில் இருக்கும் கொழும்பு பலருக்கு ஞாபகமே வருவதில்லை. ஒரு காலத்தில் கதை வேறு.

குடை இலவசம்!

1876-ல் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரெயில் வந்தது. சென்னையில் ‘போட் மெயில்’ ஏறினால் தூத்துக்குடியில் இறங்கிக் கப்பல் ஏறலாம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, வழி தனுஷ்கோடிப் பக்கம் திரும்பும் வரை இதுதான் நிலைமை.

அந்தக் கப்பல் தொழில் வெள்ளைக்காரக் கம்பெனியின் பிடியில் இருந்தது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வந்தது போட்டி! வெள்ளைக்காரன் டிக்கெட்டைக் குறைத்தான். “காசே வேண்டாம், குடையும் தர்றோம்” என்று ஆள் பிடித்ததாகச் சொல்வார்கள். 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911-ல் கம்பெனியும் கலைந்தது.

நூறு வருஷம் கழித்து, 2011 ஜூன் 13-ந் தேதி ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பயணிகள் கப்பல் தூத்துக்குடியில் இருந்து கொழும்புக்குக் கிளம்பியது. சாயங்காலம் ஏறினால் விடிந்ததும் கொழும்பு. ஆனால் போதிய ஆள் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நின்றே போனது.

சொதி அங்கேயும் உண்டு!

கொழும்பில் இறங்கினால் புறக்கோட்டைக் கடைவீதி. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பள்ளிவாசல் கண்ணைப் பறிக்கும். பக்கத்திலே செட்டியார் தெரு. வரிசையாக நகைக்கடைகள், நடுவே கதிரேசன் கோவில்கள். வெயில் தாழ்ந்ததும் காலிமுகத்திடல் போனால் கடல் காற்றும் சூடான இறால் வடையும்!

ராத்திரி எந்தத் தெருவில் நடந்தாலும் ‘டக்கு டக்கு’ என்று தோசைக்கல் சத்தம் கேட்கும். கொத்து ரொட்டி போடுகிறார்கள்! நம்ம ஊர் கொத்துப் பரோட்டாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்.

காலையில் இடியாப்பமும் சொதியும். திருநெல்வேலிச் சீமையில் கல்யாண வீட்டு மறுநாள் பந்தியில் தேங்காய்ப்பால் ஊற்றி வைக்கிறார்களே, அதே சொதி என்ற பேர்தான். அங்கே அது தினசரி சாப்பாடு. கடைசியில் வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் வெல்லம் சேர்த்து வேகவைத்த இனிப்பு. கருப்பட்டி ருசி தெரிந்த நாக்குக்குச் சொல்லவா வேண்டும்?

பதிலுக்குக் கோவில்பட்டிக்காரர் கொண்டு போவதற்கு என்ன குறை? 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கடலை மிட்டாய் இருக்கிறதே!

இப்போது எப்படி?

மதுரையில் விமானம் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம்தான். கடல் வழியாகத்தான் போக வேண்டும் என்றால் நாகப்பட்டினத்துக்கு ஓட வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணப் பக்கம் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ந் தேதி கப்பல் விட்டார்கள். சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. மழைக்காலத்தில் நிறுத்தி விடுவதுண்டு. விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது. பாஸ்போர்ட், விசா விதியையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமானத்தில் மூட்டைக்குக் கிலோ கணக்கு உண்டு. கருவாடும் கருப்பட்டியும் கட்டிக்கொண்டு போகிற சின்ன வியாபாரிக்குக் கட்டுப்படி ஆகிறது கப்பல்தான். வ.உ.சி. பேரைத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கே வைத்தாயிற்று. அவர் விட்ட வழியில் ஒரு கப்பல் விட வேண்டியதுதான் பாக்கி!