மாடி வீட்டில் நாட்டு நாய்க்கு இடமுண்டா?

லயத்துப் பக்கம் நாயை உயரம் அளந்து வளர்த்தவர் யாருமில்லை. குட்டியாக வந்து ஒட்டிக்கொள்ளும், மீந்த சோற்றில் வளரும், விடியற்காலையில் பெரட்டுக்குப் போகிறவர் பின்னாலேயே ஓடும். இன்று நம் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள். அங்கே ஒரு பெரிய நாட்டு நாயை எடுத்து வளர்க்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும் தோழர்களே. ஆனால் கையில் அளவுநாடா வேண்டும்!

ஆங் மோ கியோவைப் பாருங்கள். இப்போது வரிசை வரிசையாக மாடிகள். ஒரு காலத்தில் அதுவும் கித்தாக் காடுதான். 1973-இல் அங்கே புதிய நகரம் கட்டும் வேலை தொடங்கியது. கம்பத்து ஜனங்கள் மாடி ஏறினார்கள். கம்பத்து நாய் ஏற முடியவில்லை. வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பட்டியலில் உள்ள சிறிய சாதி நாயாக இருக்க வேண்டும் என்பது சட்டம். மனிதனுக்கே சாதி வேண்டாம் என்கிறோம், நாய்க்குச் சாதிப் பட்டியல்!

2012-இல்தான் கதவு கொஞ்சம் திறந்தது. 'அடோர்' என்ற திட்டத்தில், விலங்குநல அமைப்புகள் வழியாக நாட்டுக் கலப்பு நாயை மாடி வீட்டில் வளர்க்க அனுமதித்தார்கள். உயரம் 50 சென்டிமீட்டர், எடை 15 கிலோ, அதற்கு மேல் கூடாது. இந்த எடைக் கணக்கு நியாயமில்லாதது. நாட்டு நாய்க்குக் காலும் நெஞ்சும் நீளம். வயிறாரச் சோறு போட்டால் 15 கிலோவைத் தாண்டிவிடும். பட்டினி போட்டால் வீடு உண்டு, சோறு போட்டால் வீடில்லை என்கிற கதைதான். 2020 மார்ச்சில் எடை வரம்பை நீக்கி, உயரத்தை 55 சென்டிமீட்டராகக் கூட்டினார்கள். இரண்டரைச் சாணுக்குச் சற்றுக் குறைவு. தலையைச் சேர்க்காமல், நாய் நிற்கும்போது தோள்பட்டை வரை அளப்பார்கள்.

அதையும் தாண்டி வளர்ந்த நாய், கழக வீடு அல்லாத வீட்டில் இருப்பவர் யாராவது வரும்வரை காப்பகத்தில்தான் காத்துக் கிடக்கும். உண்மையைச் சொன்னால் பெரிய நாய் பேசாமல் படுத்திருக்கும், கையடக்க நாய்தான் பொழுதெல்லாம் குரைக்கும். சட்டம் அதைப் பார்ப்பதில்லை.

ஆகவே குட்டியின் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள். கலப்புக் குட்டி எவ்வளவு வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வளர்ந்து முடிந்த நாயை எடுங்கள். உயரமும் குணமும் கண்முன்னே தெரியும். வாடகைக்கு இருப்பவர் முதலில் வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். நாயைப் பழக்கும் வகுப்புக்கும் போயாக வேண்டும். கருத்தடை செய்த நாய்க்கு லைசென்ஸ் ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90 வெள்ளி. ஓடி விளையாட பீஷான்-ஆங் மோ கியோ பூங்காவில் நாய்களுக்கென்றே வேலி போட்ட இடம் இருக்கிறது. வேண்டாமென்று தெருவில் விட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

"ஊரில் வளர்த்த நாயையே கூட்டிப் போகிறேனே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு வெறிநாய்க்கடி நோய் இல்லை. அதனால் எல்லையில் அனுமதி, தடுப்பூசி என்று கெடுபிடி அதிகம். தவிர, ஊரிலிருந்து கொண்டுபோகும் நாய் அடோர் திட்டத்தில் சேராது. தோட்டத்தை விட்டுக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் லாரி வந்து நிற்கும் நாள்வரை காத்திருக்காமல், ஒரு மாதம் முன்பே பக்கத்து லயத்தில் பேசி நாயை ஒப்படையுங்கள். ஊசி போட்ட அட்டை இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.