வருமுன் காப்போம்

"நன்றாக ஓடுகிற காருக்கு எதற்குச் சர்வீஸ்?" என்று கேட்பவர் பலர். ஆனால் சில கேடுகள் கண்ணுக்கும் காதுக்கும் புலப்படாமலே வளர்கின்றன.

பிரேக் ஆயிலை எடுத்துக்கொள்வோம். நாம் மிதிக்கும் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது இதுவே. இது காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாக உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டாலோ 155 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும்.

உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே ஓயாமல் பிரேக்கை மிதித்தால் சூடேறி, பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் தோன்றும். திரவம் எளிதில் அமுங்காது, ஆவியோ அமுங்கிவிடும். மிதித்த விசை குமிழை அமுக்குவதிலேயே வீணாகி, பிரேக் பிடிக்காமல் போகும். சமதளத்தில் அதுவரை ஒரு குறையும் தெரிந்திராது!

இதனாலன்றோ, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும், பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்கொரு முறை இதை மாற்றச் சொல்கின்றனர்! எஞ்சின் ஆயிலுக்கும் கிலோமீட்டர், காலம் இரண்டுமே கணக்கு. எது முதலில் வருகிறதோ, அதுவே கெடு.

தோழியரே, உங்கள் வீட்டில் கார் உண்டா? கடைசியாகப் பிரேக் ஆயில் மாற்றிய தேதியை இன்றே பெற்றோரிடம் கேளுங்கள்.