படகைக் காக்கும் தீத்தடுப்பு வலை

அமெரிக்காவில் பெட்ரோல் படகுகள் ஏராளம். அந்த என்ஜின் சில நேரம் "டப்" என்று பின்பக்கமாக வெடிக்கும். காற்று புகும் வாய் வழியே தீ பாயும். அங்கே பெட்ரோல் ஆவி தேங்கியிருந்தால் படகே எரிந்துவிடும்!

அந்த வாயில் பொருத்தும் உலோக வலை, சூட்டை உறிஞ்சித் தீயை அணைத்துவிடும்.

1940 ஏப்ரல் 25-க்குப் பின் பொருத்திய பெட்ரோல் என்ஜின்களுக்குத் தீத்தடுப்பு கட்டாயம். படகுக்கு வெளியே மாட்டும் என்ஜினுக்கு மட்டும் விலக்கு.

எதை வாங்குவது?

கடலோரக் காவல்படையின் ஒப்புதல் எண்ணோ, 'எஸ்.ஏ.இ. ஜே-1928' போன்ற குறியோ இருக்க வேண்டும். காரின் காற்று வடிகட்டி உதவாது.

வலை சிறிதானால் என்ஜினுக்கு மூச்சு முட்டும், வேகம் குறையும். அதற்காக வலையைக் கழற்றுவது ஆபத்து! என்ஜினுக்கு ஏற்ற பெரிய வலை வாங்கினால் வேகமும் கிடைக்கும், உயிரும் தப்பும். எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் கழுவிவிட வேண்டும்.