மகா கோசானந்தரின் தம்ம யாத்திரை

1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் அரசு பௌத்த விகாரைகளை மூடி, பிக்குகளைக் கொன்றும் துவராடையைக் களையச் செய்தும் சங்கத்தை, அதாவது துறவியர் அமைப்பை, ஏறக்குறைய அழித்துவிட்டது. அக்காலத்தில் தாய்லாந்தின் காட்டு மடமொன்றில் தியானப் பயிற்சியில் இருந்ததால் உயிர் தப்பிய மகா கோசானந்தர், பீகாரின் நாளந்தாவில் கல்வி பயின்ற கம்போடியப் பிக்கு ஆவார்.

தாய்லாந்து எல்லையோரம் இருந்த கம்போடிய அகதிகளின் முகாம்களுக்குச் சென்ற அவர், எல்லா உயிர்களிடத்தும் அன்பு பாராட்டச் சொல்லும் புத்தரின் உரையாகிய மெத்த சுத்தத்தை அச்சிட்டு வழங்கி, குடிசைகளில் கோயில்கள் அமைத்தார். குடும்பத்தையே பறிகொடுத்த மக்களிடம், கொன்றவர்களையும் அன்பு வட்டத்திலிருந்து விலக்காதீர்கள் என்று கூறுவதற்கு எத்தகைய மனத்துணிவு வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவருடைய உறவினர் பலரும் கெமர் ரூஜ் ஆட்சியின் படுகொலைகளில் மாண்டவர்களே.

1988-இல் சங்கத்தின் தலைமைப் பதவியான சங்கராஜா பொறுப்பை ஏற்ற அவர், 1992-இல் தம்ம யாத்திரை எனப்படும் அமைதி நடைப்பயணத்தைத் தொடங்கி, அகதிகளும் பிக்குகளும் கன்னிவெடிகள் நிறைந்த நிலப்பகுதியைக் கடந்து தாயகம் திரும்ப வழிநடத்தினார். 1994-ஆம் ஆண்டு யாத்திரை துப்பாக்கிச் சண்டையில் சிக்கி, ஒரு பிக்குவும் ஒரு துறவிப் பெண்ணும் இறந்தபோதும் அவர் நடையை நிறுத்தவில்லை. கன்னிவெடிகளைத் தடைசெய்யும் உலகளாவிய இயக்கத்திலும் பங்காற்றிய அவர், 2007 மார்ச் 12 அன்று அமெரிக்காவில் காலமானார்.