பூட்டிய வார்டுக்குள்ளும் உரிமை உண்டு

மனநல ஆஸ்பத்திரிகளில் எதைக் கவனிக்க வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது?

காலில் கட்டுப் போட்ட நோயாளி "வலிக்கிறது" என்றால் டாக்டர் உடனே பார்க்கிறார். மனநல வார்டில் இருப்பவர் "என்னை அடித்தார்கள்" என்றால், "நோயின் வேகத்தில் பேசுகிறார்" என்று தள்ளிவிடுவது சுலபம். அவர் சொல் சபை ஏறுவதில்லை. அதனால்தான் மற்ற வார்டுகளைவிட மனநல வார்டை வெளியார் வந்து பார்ப்பது அவசியமாகிறது.

பார்க்கத் தவறியதன் விலையைத் தமிழ்நாடு கண்டது. 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ந் தேதி அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே இதை வழக்காக எடுத்து விசாரித்தது.

அரசு ஆஸ்பத்திரிகளும் விலக்கல்ல

ராஞ்சி, ஆக்ரா, குவாலியர் மனநல ஆஸ்பத்திரிகளைக் கண்காணிக்கும் பொறுப்பை 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு தேசிய மனித உரிமை கமிஷனிடம் ஒப்படைத்தது. பிறகு பெங்களூர் நிமான்ஸ் நிபுணர்களைக் கொண்டு 37 அரசு ஆஸ்பத்திரிகளைக் கமிஷன் ஆராய்ந்தது. 1999-ல் அறிக்கை வெளியாயிற்று. பல இடங்களில் கட்டிடமே சிறைச்சாலை போல இருந்தது. கட்டில்களைவிட நோயாளிகள் அதிகம். பலருக்குத் தரைதான் படுக்கை.

2023 ஜனவரியில் கமிஷன் மறுபடியும் கண்டித்தது. 46 அரசு மனநல நிறுவனங்களின் நிலையை அது சுட்டிக்காட்டியது. குணமானவர்களையும் வீட்டுக்கு அனுப்பாமல் உள்ளேயே வைத்திருக்கிறார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு.

சட்டம் மாறியது

வெள்ளைக்காரன் காலத்து 1912-ம் ஆண்டு பைத்தியச் சட்டம் போய், 1987-ல் மனநலச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29-ந் தேதி முதல் அமலில் இருக்கிறது. நோயாளியை எப்படி நடத்த வேண்டும் என்பதை இந்தச் சட்டம் இனம் இனமாகச் சொல்கிறது.

நோயாளிக்குச் சங்கிலி போடவே கூடாது. தனி அறையில் அடைத்து வைக்கக் கூடாது. அவருக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து வரும் நிலையில், அதைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டும் கட்டுப்படுத்தலாம். அதையும் பதிவேட்டில் எழுத வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நோயாளியின் பிரதிநிதிக்குத் தெரிவிக்க வேண்டும். தண்டனையாகக் கட்டிப்போடுவது குற்றம். "ஆள் பற்றாக்குறை, அதனால் கட்டினோம்" என்ற சாக்கும் செல்லாது.

மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்காமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தரக் கூடாது. கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது. சொந்த உடை உடுத்த விரும்பினால் சீருடையைத் திணிக்கக் கூடாது. வார்டு வேலையைக் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது. விரும்பிச் செய்தால் கூலி தர வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்குக் காலத்துக்குத் தேவையான பொருள்கள் கிடைக்க வேண்டும்.

யாரை எத்தனை நாள் வைக்கலாம்?

தானாக வந்து சேர்ந்தவர், தானாகவே கிளம்பலாம். டாக்டர் சந்தேகப்பட்டால் பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் நிறுத்தி வைக்கலாம். பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்க்கப்பட்டவரை 30 நாள் வரை வைத்திருக்கலாம். அதற்கு மேல் என்றால் இரண்டு மனநல டாக்டர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். மனநல மறுஆய்வு வாரியமும் அனுமதிக்க வேண்டும்.

இந்த வாரியத்தில் நீதித்துறை அனுபவம் உள்ளவர் தலைவராக இருப்பார். டாக்டர்களோடு, நோயாளிகள் அல்லது அவர்களைப் பராமரிப்போர் தரப்பினருக்கும் இடம் உண்டு.

வேற்று மாநிலத்தில் இருப்பவர்களுக்கு

ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர்கள் இரண்டு விஷயங்களைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது மொழி. நோய் என்ன, சிகிச்சை என்ன, எந்தப் பிரிவின் கீழ் சேர்த்திருக்கிறார்கள் என்பதை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். தமிழ் மட்டுமே தெரிந்த கொத்தனாரிடம் கன்னடத்திலோ இந்தியிலோ அச்சிட்ட படிவத்தை நீட்டி, கைநாட்டு வாங்கினால் அது சம்மதம் ஆகாது. படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

இரண்டாவது பிரதிநிதி. இவர் ரத்த சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 18 வயது நிரம்பிய, நம்பிக்கையான ஒருவரை நோயாளியே தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ போட்டால் போதும். பெற்றோர் திருவண்ணாமலையில் இருக்க, மகன் பெங்களூரில் தனியாக இருந்தால், உடன் தங்கியிருக்கும் நண்பரே பிரதிநிதி ஆகலாம்.

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு நிறுவனங்களில் சிகிச்சை இலவசம். அதற்கான அட்டை கையில் இல்லை என்று திருப்பி அனுப்ப முடியாது.

வார்டை அளப்பது எப்படி?

உலக சுகாதார நிறுவனம் 2012-ல் இதற்கென ஒரு வழிகாட்டி ஏடு வெளியிட்டது. குஜராத் அரசு ஆஸ்பத்திரிகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். வாழ வசதி, தரமான சிகிச்சை, நோயாளியின் சம்மதம், கொடுமையிலிருந்து பாதுகாப்பு, வெளியே சென்று வாழ வழி என்று ஐந்து தலைப்புகளில் வார்டு ஆராயப்படுகிறது. ஆராயும் குழுவில் முன்பு நோயாளியாக இருந்தவர்களும் இடம் பெற வேண்டும் என்பது இதன் சிறப்பு.

பார்க்கப் போகும் உறவினரும் இதே கண்ணோடு பார்க்கலாம். கழிப்பறைக்குக் கதவு இருக்கிறதா? உடம்பில் காயம் உண்டா? மணிக்கட்டில் கட்டிய தழும்பு தெரிகிறதா? போனில் பேச விடுகிறார்களா? என்ன மாத்திரை என்று நோயாளிக்குத் தெரியுமா? குறை இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி பொறுப்பு டாக்டரிடமும், தீராவிட்டால் மறுஆய்வு வாரியத்திடமும் புகார் செய்யலாம். இலவச சட்ட உதவியும் உண்டு.

குடும்பம் உள்ளே வந்தால் வார்டு மாறும் என்பதற்குப் பழைய சான்று இருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநல ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளிகளோடு உறவினர்களையும் தங்க வைத்தார். பக்கத்தில் இருந்து பார்த்த உறவினர்களுக்கு நோயைப் பற்றிய பயம் குறைந்தது. நோயாளிகள் வீடு திரும்புவதும் எளிதாயிற்று.

குடும்பம் ஏற்கவில்லை, போக்கிடம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் குணமானவரை அழைத்துப் போக யாரும் வராவிட்டால், அந்த உரிமை பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்ப்பதும், டாக்டர் அனுப்பும் நாளில் வாசலில் நிற்பதும் குடும்பத்தின் கடமை.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணுக்கு எந்த மாநிலத்திலிருந்தும் கட்டணம் இல்லாமல் பேசலாம். தமிழிலும் பேசலாம்.