வீட்டுக்குள் ஒரு சிறு கடல்

வண்டூர் படகுத்துறையிலிருந்து ஜாலி பாய் தீவுக்குச் செல்லும் பயணிகள், கண்ணாடி அடிப்பாகம் கொண்ட படகில் குனிந்து அமர்ந்து கடலின் தரையைக் காண்கின்றனர். கிளைத்து விரிந்த பவளங்களும் அவற்றினூடே மின்னி மறையும் மீன்களும் ஒரு மணி நேரத்தைச் சில நிமிடங்களாகச் சுருக்கிவிடுகின்றன. கரை திரும்பும்போது பலரது உள்ளத்தில் எழும் ஆசை ஒன்றே: இக்காட்சியில் ஒரு பகுதியேனும் நம் வீட்டு வரவேற்பறையில் இருந்தால் எப்படி இருக்கும்?

இந்த ஆசை நிறைவேறக்கூடியதே. ஆனால் பணப்பையைத் திறப்பதற்கு முன் அறிய வேண்டியவை சில உண்டு.

முதலில் சட்டம்

இந்தியக் கடல்களின் கற்பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. புலிக்கும் யானைக்கும் உரிய அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. மீறுவோருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். கரையொதுங்கிய பவளத் துண்டைப் பெட்டியில் வைத்து விமான நிலையத்துக்குக் கொண்டுசெல்வதும் குற்றமே. வெளிநாட்டு நூல்கள் பரிந்துரைக்கும் ‘உயிர்ப்பாறை’ என்பதும் பவளப் பாறையே. ஆகவே அதுவும் வேண்டாம்.

அவ்வாறாயின் எஞ்சுவது என்ன? செயற்கைப் பாறைகளால் அமைத்த குகைகளும், அவற்றில் குடியிருக்கும் கடல் மீன்களும். இது குறைபாடு அன்று. புதியவருக்குக் கிடைத்த சலுகை என்றே கொள்ளலாம். பவளத் திசுக்களில் வாழும் நுண்பாசிகளுக்கு வலிமையான ஒளி தேவை. அதனாலேயே பவளத் தொட்டிகளின் விளக்குகள் பெருவிலை பெறுகின்றன. மீன்கள் மட்டும் வாழும் தொட்டிக்கு எளிய எல்.இ.டி. விளக்கு, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். சுண்ணாம்புச் சத்தை அளந்து ஊட்டும் கருவிகளும் தேவைப்படா.

எதற்குச் செலவிடலாம்?

*தொட்டி.* சிறிய தொட்டியே எளிது எனப் பலரும் எண்ணுவர். உண்மை இதற்கு மாறானது. நீரின் அளவு குறையக் குறைய வெப்பமும் உப்பும் விரைந்து மாறும். பிழை திருத்த நேரம் கிடைக்காது. 90 செ.மீ. நீளமும், 45 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தொட்டி சுமார் 180 லிட்டர் கொள்ளும். தொடக்கத்துக்கு இது பொருத்தமானது. நீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்தால் எடை கால் டன்னை நெருங்கும் என்பதால், உறுதியான தாங்கியும் சமதளமான தரையும் இன்றியமையாதவை.

*நீரோட்டமும் தூய்மையும்.* கடல் ஓய்வதில்லை, தொட்டியும் ஓயக்கூடாது. மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல் பத்து மடங்கு நீரையேனும் சுழற்றும் அலை பம்பு வேண்டும். அடுத்தது புரோட்டீன் ஸ்கிம்மர். நுண்ணிய காற்றுக் குமிழ்களில் கழிவைப் பற்றவைத்து நுரையாக வெளியேற்றும் இக்கருவியில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

*அளவுகோல்கள்.* உப்பின் செறிவை அறிய ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வேண்டும், ஒப்படர்த்தி 1.025 என்பதே இலக்கு. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் ஆகியவற்றுக்கான சோதனைப் பெட்டியும் தேவை. மீன் இறந்தபின் காரணம் தேடுவதைவிட, முன்னரே எண்ணைப் பார்ப்பது மலிவு.

*வெப்பம்.* குளிர்நாட்டுப் பட்டியல்களில் ஹீட்டர் தவறாது இடம்பெறும். ஸ்ரீ விஜயபுரத்திலோ (முன்னைய போர்ட் பிளேர்) சென்னையிலோ இடர் தருவது குளிர் அன்று, வெம்மையே. 26 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை மீன்கள் நலமாக வாழும். முதலில் நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு விசிறியைப் பொருத்திப் பாருங்கள். காற்றில் ஈரம் மிகுந்த மாதங்களில் அதன் பயன் குறையும். அது போதாதபோது மட்டுமே சில்லர் வாங்கலாம்.

தீவில் வாழ்வோருக்கு

அந்தமானின் மின்சாரத்தில் பெரும்பகுதி டீசல் மின்னாக்கிகளிலிருந்து வருகிறது. சென்னையிலிருந்து கப்பல் வந்துசேர ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். மின்சாரம் நின்று பம்பு ஓய்ந்தால் மீன்களோ சில மணி நேரத்தில் மூச்சுத் திணறும். எனவே ஒரு மாற்றுப் பம்பும், மின்கலத்தால் இயங்கும் காற்றுப் பம்பும் ஆடம்பரம் அல்ல. குடும்பத்துக்கு அவசரகாலச் சேமிப்பு எப்படியோ, தொட்டிக்கு இவை அப்படி. மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியையும் மறவாதீர்கள். உப்புநீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் இடம் இது.

மறைந்திருக்கும் மாதச் செலவு

கருவிகளின் விலை ஒருமுறை. உப்பின் விலை வாழ்நாள் முழுதும். லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில், தொட்டியை முதன்முறை நிரப்பவே சுமார் 6 கிலோ உப்பு செல்லும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் ஆண்டுக்கு 30 கிலோவுக்கு மேல் தேவைப்படும். இது சமையல் உப்பு அன்று. கடலின் தாதுக்கள் கலந்த தனித்தயாரிப்பு. கரைப்பதற்கு ஆர்.ஓ. முறையில் வடித்த நீரையே பயன்படுத்துக. நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆதலால் அன்றாடம் குறையும் அளவை உப்பில்லாத நன்னீரால் நிரப்ப வேண்டும்.

பொறுமையே முதலீடு

நீரும் பாறையும் ஆயத்தமான அன்றே மீனை விடுவது புதியவர் செய்யும் பெரும்பிழை. கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமான பின்னரே முதல் மீன் வரலாம்.

அந்த முதல் மீன் கோமாளி மீனாக இருக்கட்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், ஸ்ரீ விஜயபுரத்தில் மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இதனைக் காப்பிடத்தில் இனப்பெருக்கம் செய்து வெற்றி கண்டுள்ளன. பொரிப்பகத்தில் பிறந்ததா எனக் கேட்டு வாங்குங்கள். அத்தகைய மீன் தொட்டி வாழ்வுக்குப் பழகியது. கடற்சாமந்தி இன்றியும் நலமாக இருக்கும். கடலிலிருந்து ஓர் உயிரும் குறையாது. இளம் மீன்கள் இரண்டை ஒன்றாக வாங்கினால், பெரியது காலப்போக்கில் பெண்ணாக மாறி இணை அமையும்.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் வெம்மையால் அந்தமான் பவளங்கள் வெளிறின. நூற்றாண்டுகளாக வளர்ந்த பாறைகள் அவை. நம் தொட்டியில் ஒரு டிகிரி உயர்ந்தால் விசிறியைப் போடுகிறோம். கடலுக்கு அந்த வசதி இல்லை. வீட்டில் சிறு கடலைப் பேணுபவர், வண்டூரின் பெருங்கடலை அடுத்தமுறை காணும்போது இதை நன்கு உணர்வார். பவளம் அங்கேயே இருக்கட்டும். அதைக் காண நாம் மீண்டும் படகேறுவோம்.